நல்லாத்தானே வேலை செய்யுது?

ஏற்காட்டை யாருமே இருந்தபடி விட்டதில்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் துரை மலையேறினார். குளுகுளு காற்று, மேகம், ஏரி, காடு. உங்களையும் என்னையும் போன்றவர்கள் என்ன செய்வோம்? நாலு பெருமூச்சு விட்டுவிட்டு, கொண்டுபோன புளியோதரையைத் தின்றுவிட்டு இறங்குவோம். துரைக்குக் கை சும்மா இருக்கவில்லை. காப்பிச் செடி நட்டார். ஆப்பிள், பேரிக்காய் என்று வைத்துக்கொண்டே போனார். மலை அவரிடம் எந்தக் கம்ப்ளெயின்ட்டும் கொடுத்திருக்கவில்லை!

அதற்கு நாம் கொடுத்த பட்டம் 'ஏற்காட்டின் தந்தை'. நன்றாக இருக்கும் ஒன்றைத் தோண்டியவர் துரையாக இருந்தால் அவர் முன்னோடி. அதே வேலையை நம் வீட்டு மனிதர் செய்தால், அடுப்படியிலிருந்து ஒரு குரல் வரும்: "நல்லாத்தானே வேலை செய்யுது? எதுக்கு அதைக் கழட்டறீங்க?"

ரேடியோவின் மொத்த வரலாறும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் முழித்த மனிதர்களின் வரலாறுதான்.

ஏற்காட்டு வெள்ளக்கடையில் ஒரு ஹாம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஹாம் என்றால் அமெச்சூர் ரேடியோக்காரர். பரீட்சை எழுதி, மத்திய அரசிடம் லைசென்ஸ் வாங்கி, சொந்த டிரான்ஸ்மிட்டரில் பேச உரிமை பெற்றவர். வெளியே சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. உள்ளே மேஜைமேல் ஜப்பான் டிரான்ஸீவர் மல்லாக்கப் படுத்திருக்கிறது. ஸ்க்ரூக்கள் எவர்சில்வர் டப்பா மூடியில். மனிதர் நெற்றியில் டார்ச், ஒரு கண்ணில் லென்ஸ், கையில் சால்டரிங் அயர்ன். செட்டுக்கு என்ன கோளாறு? ஒரு கோளாறும் இல்லை. அதுதான் அவருடைய பிரச்சினை.

ஜப்பான் கம்பெனிக்காரர் கெட்டிக்காரர். உலகம் பூராவுக்கும் ஒரே போர்டைச் செய்வார். எந்த நாட்டுக்கு எந்த பேண்டில் பேச அனுமதி என்பதை நாலைந்து குட்டி டையோடுகளை வைத்துப் பூட்டிவிடுவார். அதில் குறிப்பிட்ட ஒன்றைப் பெயர்த்துவிட்டால் பூட்டு திறந்துவிடும். செட் தன்னால் எட்டக்கூடிய எல்லா அலைவரிசையிலும் டிரான்ஸ்மிட் செய்யும். நம் ஹாம் அங்கெல்லாம் பேசப் போகிறாரா? போகவே மாட்டார். இரண்டு மீட்டர் பேண்ட் என்றால் இந்தியாவில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரைதான். அதைத் தாண்டி வாயைத் திறந்தால் சட்டவிரோதம், போலீஸ் வயர்லெஸ்ஸில் போய் உட்கார்ந்தால் பதில் சொல்ல இன்ஸ்பெக்டர் நேரிலேயே வருவார். பேசப் போவதில்லை சார், ஆனால் பேச *முடியும்* என்று தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

டையோடு பெயர்ந்தது. ட்வீசர் நுனியிலிருந்து துள்ளியும் போனது. ரெட் ஆக்ஸைடு தரையில் குடும்பமே டார்ச் அடித்துத் தவழ்ந்து தேடுகிறது. பிறகு செட்டை ரீசெட் செய்தாக வேண்டும். செய்தால் வருஷக்கணக்காகச் சேமித்து வைத்த மெமரி சேனல் எல்லாம் அம்பேல். உலகம் முழுக்கத் திறந்துவிட்டது, குரலை வாங்கித் திருப்பி அனுப்பும், வீட்டுக்குப் பக்கத்து ரிப்பீட்டரைத்தான் காணோம்!

சிரிக்காதீர்கள். இவருக்குப் பின்னால் ஒரு பெரிய பரம்பரையே நிற்கிறது. அதில் முதல் நாற்காலி ஜகதீஷ் சந்திர போஸுக்கு.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் போஸைப் பார்த்திருப்பீர்கள். மீசை, கோட்டு, தீர்க்கமான பார்வை. கல்கத்தா பிரசிடென்சி காலேஜில் அவருக்குக் கிடைத்த ஆய்வுக்கூடம் நம் வீட்டுப் பூஜை அறை சைஸ். கருவி செய்து தர ஜெர்மன் கம்பெனியா வந்தது? ஒரு தகரக் கொல்லரைப் பிடித்தார். மில்லிமீட்டர் அலைகளை ஒரு திசையில் வடிகட்ட போலரைசர் என்று ஒரு சாமான் தேவை. மனிதர் அறையைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். பிராட்ஷா ரயில்வே டைம்டேபிள் கிடந்தது. அதன் பக்கங்களுக்கு நடுவே ஈயத்தாள் சொருகினார். போலரைசர் ரெடி! இன்னொரு சோதனைக்கு முறுக்கிய சணல். வரலாற்றிலேயே ரயில்வே டைம்டேபிள் சரியாக வேலை செய்த சம்பவம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

1895-ல் பொதுமக்கள் முன்னால் செய்துகாட்டினார். கம்பி இல்லாமல் தூரத்தில் மணி அடித்தது, வெடிமருந்து வெடித்தது. அலை போகும் வழியில் சுவர் இருந்தது. கூடவே வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னரும் இருந்தார். அலை அவருடைய கனத்த சரீரத்தை ஊடுருவிக்கொண்டு போய் மணி அடித்ததாகச் சரித்திரம் சொல்கிறது. பிரிட்டிஷ் ராஜ்ஜியத்தின் பிரதிநிதிக்குள் ஓர் இந்தியர் இவ்வளவு தூரம் புகுந்து வெளியே வந்தது அதற்கு முன் நடந்ததில்லை. கவர்னர் அதற்காகக் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை. அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

அடுத்து மார்க்கோனி. 1901 டிசம்பர் 12. நியூஃபவுண்ட்லாந்தில் காற்று பேய்த்தனமாக வீசுகிறது. பட்டம் விட்டு, அதில் ஏரியல் கம்பியைக் கட்டி, காதில் இயர்போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் கார்ன்வாலில் இருந்து மோர்ஸ் கோடில் 'எஸ்' வர வேண்டும். மூன்று புள்ளி. டிக் டிக் டிக். கேட்டதா? "கேட்டது" என்றார் மார்க்கோனி. பக்கத்தில் இருந்த உதவியாளர் கெம்ப்பும் "கேட்டது" என்றார். வேறு யாருக்கும் கேட்கவில்லை. பதிவுக் கருவியும் ஓடவில்லை. முதலாளியும் சம்பளக்காரரும் ஒரே குரலில் சாட்சி சொன்னால் எந்தக் கோர்ட் ஏற்கும்? உலகம் ஏற்றுக்கொண்டது! பட்டப்பகலில் அந்த அலைநீளம் அவ்வளவு தூரம் போயிருக்குமா என்று எஞ்சினியர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

அந்த இயர்போனுக்கு முன்னால் இருந்த பாதரச டிடெக்டர் யாருடையது? இத்தாலிய கடற்படையிலிருந்து சொலாரி என்ற நண்பர் கொடுத்தது. அவருக்கு எங்கிருந்து வந்தது? போஸ் 1899-லேயே அதே மாதிரி டிடெக்டரை விவரித்துக் கட்டுரை எழுதிவிட்டார் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். பேடன்ட் வாங்குவதில் போஸுக்கு ஆசை கிடையாது. நண்பர்கள் நச்சரித்து ஒன்று வாங்க வைத்தார்கள். மார்க்கோனிக்கு அந்த வெட்கமெல்லாம் இல்லை. அதற்காக மார்க்கோனியைத் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள். அவர் மாடிஃபை செய்தவர். 1909-ல் நோபல் பரிசும் வாங்கிவிட்டார், இப்போது வாதாடி என்ன பயன்?

கொழும்புக்கு வாருங்கள். இலங்கை வானொலி என்றதும் கண்ணில் நீர் தளும்பும் தலைமுறைக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். 1920களின் தொடக்கம். எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித் துறைத் தலைமைப் பொறியாளருக்கு ரேடியோ நிலையம் ஒன்று வைக்க ஆசை. டிரான்ஸ்மிட்டருக்கு எங்கே போவது? முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் ரேடியோ சாமான்கள் கிடைத்தன. கப்பல்களை மூழ்கடிக்கக் கட்டளை வாங்கிய அதே பெட்டியைப் பிரித்து, தந்தி ஆபீஸில் ஒரு சின்ன அறையில் வைத்து, கிராமபோன் இசைத்தட்டு போட்டார்கள்! கெய்ஸரின் கடற்படை தோற்றதற்குப் பல காரணங்கள் உண்டு. தங்கள் செட் கடைசியில் கொழும்பில் பாட்டுப் பாடும் என்பது அவர்கள் திட்டத்தில் இருந்திருக்காது. 1925 டிசம்பர் 16-ல் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. ஆசியாவின் செல்லக் குரலுக்குத் தாத்தா ஒரு நீர்மூழ்கிக் கப்பல். பிறந்தநாள் வாழ்த்து கேட்டு போஸ்ட் கார்டு எழுதிய எந்த அக்காவுக்கும் இது தெரியாது.

நம் மெட்ராஸ் சளைத்ததா? இந்தியாவில் அமெச்சூர் ரேடியோவைத் தொடங்கியவர் கல்கத்தாவின் அமரேந்திர சந்திர குப்து, 1921. மூன்றே வருஷத்தில், 1924 மே 16-ல், சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஆரம்பித்தார். இங்கிலாந்திலிருந்து பாகம் பாகமாகக் கொண்டுவந்து இங்கே கோத்தார் என்பார்கள். ஜூலை 31-ல் ஒலிபரப்பு. சக்தி எவ்வளவு? நாற்பது வாட்.

நாற்பது வாட் என்றால் ஒரு டியூப் லைட். அதை வைத்துக்கொண்டு மதராஸ் ராஜதானிக்கே ரேடியோ! இப்போது உங்கள் வீட்டு மிக்ஸி இதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் குடிக்கிறது, சட்னி மட்டும்தான் அரைக்கிறது. ஆனால் கிளப் அங்கத்தினர்களுக்கும் கை சும்மா இருக்கவில்லை. நாற்பது நன்றாகத்தான் வேலை செய்தது; இருநூறு ஆக்கினார்கள். சத்தம் பெரிதானது, பணப்பெட்டி சின்னதானது. 1927 அக்டோபரில் காசில்லாமல் கடையைக் கட்டினார்கள்.

டிரான்ஸ்மிட்டரை என்ன செய்வது? மெட்ராஸ் கார்ப்பரேஷனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதே கார்ப்பரேஷன்தான் - சாக்கடை, தெருவிளக்கு, கொசு மருந்து. 1930-ல் ரேடியோவும் சேர்ந்துகொண்டது. எந்தத் தேதியில் தொடங்கினார்கள் தெரியுமா? ஏப்ரல் 1. யாரும் ஏமாற்றவில்லை, நிஜமாகவே பாட்டு வந்தது. மெரினாவில் ஒலிபெருக்கி வைத்து, சுண்டல் தின்றுகொண்டே சங்கீதம் கேட்க வைத்தார்கள். 1938-ல் ஆல் இந்தியா ரேடியோ வந்து பொறுப்பை எடுத்துக்கொள்ளும்வரை எட்டு வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். மாநகராட்சியைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்றைச் சொல்லக் கிடைத்த இந்த வாய்ப்பை நான் விடுவதாக இல்லை.

அப்புறம் யுத்தம் வந்தது. 1939-ல் சர்க்கார் உத்தரவு: ஹாம்கள் எல்லாரும் டிரான்ஸ்மிட்டரைப் போலீசில் ஒப்படைக்க வேண்டும். சரி, பெட்டியை ஒப்படைக்கலாம். அதைக் கட்டத் தெரிந்த கையை எங்கே ஒப்படைப்பது? 1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டம். தலைவர்கள் எல்லாம் உள்ளே. பம்பாயில் உஷா மேத்தா என்ற 22 வயதுப் பெண்ணும் தோழர்களும் ரகசிய காங்கிரஸ் ரேடியோ தொடங்கினார்கள். டிரான்ஸ்மிட்டர் கட்டிக்கொடுத்தவர் நரிமன் பிரிண்டர் என்ற ஹாம். பெயர்தான் பிரிண்டர், சர்க்கார் அச்சடித்த உத்தரவை அவர் படித்ததாகத் தெரியவில்லை.

அவர்கள் பேசியது 42.34 மீட்டரில். கணக்குப் போட்டுப் பாருங்கள், சுமார் 7.08 மெகாஹெர்ட்ஸ். இன்றைக்கு நம் ஊர் ஹாம்கள் காலைக் காப்பியோடு உட்கார்ந்து "ஆன்டெனா நேத்து மழையில சாஞ்சிருச்சு ஓஎம்" என்று அரட்டை அடிக்கும் அதே 40 மீட்டர் பேண்ட்! அன்றைக்கு அங்கே பேசினால் ஜெயில். வீடு வீடாக மாறி மாறி, மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தாக்குப்பிடித்தார்கள். நவம்பர் 12-ல் போலீஸ் கதவை உடைத்தது. வழி காட்டிக்கொண்டு வந்தவர்? உஷா மேத்தா பிற்காலத்தில் சொன்னபடி, முன்பே பிடிபட்டிருந்த நம் பிரிண்டரேதான். கட்டியவரே காட்டியும் கொடுத்தார். ஹீரோவா வில்லனா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. அந்த நடுக்கத்திலும் போலீஸ் வண்டியில் உட்கார்ந்தபடி, "அந்த மாட்யுலேஷனைக் கொஞ்சம் சரி பண்ணியிருக்கலாம்" என்று அவர் மனசுக்குள் நினைத்திருப்பார் என்று மட்டும் பந்தயம் கட்டுவேன்.

('ஓஎம்' என்றேனே, அது ஓல்டு மேன். ஹாம் உலகத்தில் பதினாறு வயசுப் பையனும் ஓல்டு மேன்தான். பெண்ணாக இருந்தால் எண்பது வயசானாலும் யங் லேடி. இந்த ஒரு சலுகைக்காகவே பரீட்சை எழுதலாம்.)

யுத்தம் முடிந்ததும் ஹாம்களுக்குத் தீபாவளி. ராணுவம் கழித்துக்கட்டிய செட்டுகள் எடைக்குப் போட்டதுபோல் சந்தைக்கு வந்தன. 807 என்று ஒரு வால்வு. அதைக் கடைசிக் கட்டத்தில் வைத்து வீட்டிலேயே டிரான்ஸ்மிட்டர் கட்டாத பழைய ஹாம் கிடையாது. பாட்டில் மாதிரி அழகான உருவம். அதனால் ஹாம் பரிபாஷையில் பீர் பாட்டிலுக்கும் 807 என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "நேத்து ராத்திரி ரெண்டு 807 போட்டேன்" என்று ஒருவர் சொன்னால், வீட்டில் இருப்பவர்களுக்கு அது டெக்னிக்கல் சமாசாரம்!

1984-ல் ஹாம் கருவிகளுக்கு இறக்குமதி வரியை விலக்கினார்கள். பிரதமர் நாற்காலிக்கு அந்த வருஷம் வந்த ராஜீவ் காந்தியே ஒரு ஹாம், அழைப்புக்குறி வி.யு.2 ஆர்.ஜி. பளபள ஜப்பான் பெட்டிகள் வந்து இறங்கின. இனி யாரும் எதையும் கழற்ற வேண்டியதில்லை, ஆன் செய்தால் பேசலாம். அப்பாடா என்று சால்டரிங் அயர்ன்கள் ஆறிப்போயிருக்க வேண்டுமே? ம்ஹூம். புதுப் பெட்டியின் வாரன்டி கார்டு காய்வதற்குள் மூடியைத் திறந்துவிட்டார்கள்.

இந்தப் பரம்பரையின் இன்றைய திலகம் ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான், வி.யு.2 ஈ.எஸ்.ஈ. 2003-ல் 'பிட்எக்ஸ்' என்று ஒரு டிரான்ஸீவர் வரைந்தார். பெரிய கம்பெனி விலையில் பயந்துபோன இந்திய ஹாமுக்கு, கடைத்தெருவில் கிடைக்கும் சாமானை வைத்தே கட்டும் செட். காயில் சுற்ற டொராய்டு என்று ஒரு வளையம் வேண்டும், நம் ஊரில் லேசில் கிடைக்காது. என்ன செய்தார்? தண்ணிக் குழாய் வாஷர்! ஹார்டுவேர் கடையில் வாங்கும் சாட்சாத் அதே வாஷர். ரயில்வே டைம்டேபிளில் போலரைசர் கண்ட போஸ் மேலிருந்து பார்த்து, "நம்ம பையன்" என்றிருப்பார்.

கடைசிக் கட்டத்தில் ஐ.ஆர்.எஃப். 510 என்ற மாஸ்ஃபெட். அது ரேடியோவுக்குப் பிறந்த ஜாதகமே இல்லை. பவர் சப்ளையில் ஆன்-ஆஃப் செய்யப் படைக்கப்பட்ட அப்பாவி. அதைப் பிடித்துப் பாட்டுப் பாட வைத்தார்கள், பாடியது. ஏழெட்டு வாட். நல்லாத்தானே வேலை செய்யுது? உடனே நம் ஆட்கள், "12 வோல்ட் கொடுக்கும்போதே இப்படிப் பாடினால், 24 கொடுத்தால்?" என்று ஆரம்பித்தார்கள். ஃபர்ஹானும் தடுக்கவில்லை. பின்னால் வந்த பிட்எக்ஸ் 40 போர்டில் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் தனி வோல்டேஜ் கொடுக்க வழியே வைத்துவிட்டார். ஹீட் சிங்க் போதாத வீடுகளில் என்ன நடக்கும்? முதலில் ஒரு 'டப்'. பிறகு ஒரு வாசனை. பிறகு, "என்னங்க அது வாசனை?" "ஒண்ணுமில்ல, பக்கத்து வீட்டுல ஏதோ கருகுது."

மலைக்கே வருவோம். வெள்ளக்கடை ஹாம் டையோடைப் பெயர்த்து, மூடியை மாட்டி (ஸ்க்ரூ ஒன்று மிச்சம், எப்போதும் ஒன்று மிஞ்சும்), இரண்டு மீட்டர் பேண்டில் குரல் கொடுக்கிறார். நல்ல உச்சியாகப் பார்த்து ஏறி நின்று, வெறும் ஐந்து வாட்டில். ஈரோடு பதில் சொல்கிறது. திருச்சி பதில் சொல்கிறது! மனிதருக்குக் கால் தரையில் இல்லை. "பார்த்தியா, மாடிஃபை பண்ணினதும் எப்படிப் போகுது!"

சார், அந்த டையோடுக்கும் தூரத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், கீழே சேலம் 280 சொச்சம். இரண்டு மீட்டர் பேண்டின் வி.எச்.எஃப். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் ஓடும். சமவெளிக்கு மேலே 1,200 மீட்டரில் நின்றால் ரேடியோவின் தொடுவானம் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். திருச்சியைப் பிடித்துக் கொடுத்தது ஏற்காடு உட்கார்ந்திருக்கும் சேர்வராயன் மலை. டையோடைப் பெயர்ப்பதற்கு முந்தின நாள் அதே உச்சியில் நின்று கூப்பிட்டிருந்தாலும் திருச்சி வந்திருக்கும். ஆனால் மலையில் ஸ்க்ரூ இல்லையே! தான் கழற்றாத எதற்கும் ஒரு ஹாம் கிரெடிட் கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது.

சரி, இவ்வளவு பாடுபட்டு 120 கிலோமீட்டர் தாண்டிப் பிடித்த திருச்சிக்காரரிடம் என்னதான் பேசுகிறார்? இதோ கேளுங்கள்.

"ஓஎம், உங்க சிக்னல் அருமையா வருது. ஆனா ஆடியோ கொஞ்சம் கரகரங்குது. செட்டுல ஏதாவது கை வெச்சீங்களா? ஓவர்."

"இல்லையே ஓஎம்! நான் எதையுமே தொடலை. ஓவர்."

"அப்ப என் சைடுலதான் பிரச்சினை போல. ஒரு நிமிஷம் இருங்க, மூடியைக் கழட்டிப் பார்த்துடறேன்."